அதிர்ஷ்டமும் பாக்கியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் காலி வீதியோரமாகக் காலையில் நடந்து செல்பவரின் காதில் லொத்தர்ச் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கிக் குரல் விழாத நாள் அரிது. அந்தச் சிறிய தட்டுக்கு முன்னால் நின்று சீட்டுகளைப் புரட்டித் தெரிந்தெடுப்பவர்களுள் எல்லா மொழியினரும் எல்லாச் சமயத்தவரும் இருக்கின்றனர். ஆயினும் அவர்கள் தேடி நிற்கும் பொருள் யாது என்று கேட்டால் ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்புக்கொள்ளார். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் மாணவர்களும் அயலவர்களும் இதுபற்றி என்னிடம் கேட்டு வந்த கேள்விகளையும், நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தருகிறேன். நான் சோதிடன் அல்லன். சொற்களின் வழியாக ஒரு பொருளை அணுகுவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

'அதிர்ஷ்டம்' என்ற சொல்லுக்கு நேரான பொருள் என்ன?

'காணப்படாதது' என்பதே நேர்ப்பொருள். 'த்ருஷ்டம்' என்ற வடசொல் காணப்பட்டதைக் குறிக்கும். அதன் முன் 'அ' சேர்ந்து எதிர்மறையாகிறது. மூலத்தில் அது நல்லதையும் குறிக்கவில்லை, கெட்டதையும் குறிக்கவில்லை. ஒரு விளைவு கண்முன்னே நிகழ்கிறது, அதற்குரிய காரணமோ புலப்படவில்லை என்ற இடத்தில் பழைய தத்துவவாதிகள் இந்தச் சொல்லை வைத்தனர். வைசேடிக நெறியினர், காந்தக் கல்லை நோக்கி இரும்பூசி நகர்வதற்குக்கூட இதுவே காரணம் என்றனர். இன்று ஊசி நகர்வதை அதிர்ஷ்டம் என்று எவரும் சொல்வதில்லை. காரணம் தெரிந்ததும் அந்தச் சொல் அங்கிருந்து விலகிக்கொண்டது.

தமிழுக்கு வந்த பின் சொல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 'அவனுக்கு அதிர்ஷ்டம்' என்றால் நல்லது நடந்தது என்றே கொள்வோம். கெட்டதைச் சொல்ல வேண்டுமானால் 'துரதிர்ஷ்டம்' என்று தனியே ஒரு முன்னொட்டை வருவிக்க வேண்டியிருக்கிறது. என்றாலும் மூலப்பொருளை மறவாதிருப்பது பயன்தரும். அடுத்தவருடைய உயர்வை அதிர்ஷ்டம் என்று நாம் சொல்லும்போது, அதன் காரணம் நம் கண்ணில் படவில்லை என்பதைத்தான் சொல்கிறோம். காரணம் இல்லை என்பது வேறு, நாம் பார்க்கவில்லை என்பது வேறு. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பத்து ஆண்டில் ஒரு வீட்டை வாங்கிய பெண்ணை, எட்டு மணிக்குக் கண் விழிக்கிறவர்தான் அதிர்ஷ்டசாலி என்பார்.

'அதிர்ஷ்டம்', 'அதிஷ்டம்' ஆகியவற்றுள் எது சரி?

மூலச் சொல்லில் ரகர ஒலி இருப்பதால் 'அதிர்ஷ்டம்' என்பதே பொருத்தம். நமது நாட்டு எழுத்தில் 'அதிஷ்டம்' பரவலாகக் காணப்படுவது பேச்சொலியின் செல்வாக்கால். வடவெழுத்தை விரும்பாதவர்களுக்கு 'நற்பேறு', 'நல்லூழ்' ஆகிய சொற்கள் இருக்கின்றன. ஆனால் அவை முழுவதும் இதே பொருளைத் தருவனவல்ல.

அப்படியானால் பாக்கியம், பேறு, யோகம், ஊழ் எல்லாம் ஒன்றல்லவா?

ஒன்றல்ல என்பதற்கு வினைச்சொற்களே சான்று. அதிர்ஷ்டம் அடிக்கிறது, யோகமும் அடிக்கிறது. பாக்கியமோ ஒருபோதும் அடிப்பதில்லை. அது கிடைக்கிறது, வாய்க்கிறது. பேறு பெறப்படுகிறது. ஊழ், சிலப்பதிகாரத்தின் சொற்களில், 'உருத்துவந்து ஊட்டும்'. பிள்ளைப் பாக்கியம் என்கிறோம், பிள்ளை அதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை. நோயற்ற உடம்பு, நல்ல ஆசிரியர், முதுமையிலும் பேசிக்கொண்டிருக்கக்கூடிய துணை ஆகியவை பாக்கியங்கள். லொத்தரில் விழுந்த பணத்தை எவரும் பாக்கியம் என்று சொல்லக் கேட்டதில்லை. திடீரென்று மேலே விழுவதற்கு ஒரு சொல்லும், உள்ளே இருந்தபடி வாழ்வதற்கு இன்னொரு சொல்லும் தமிழர் வைத்துக்கொண்டனர் என்று இதனைச் சுருக்கமாகச் சொல்லலாம். என்னிடம் வரும் கேள்விகளிற் பாதி, இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருவன.

சொற்களின் வேர்களும் வெவ்வேறு. பாக்கியம் என்பது 'பாகம்' என்ற சொல்லுக்கு உறவு; பங்கு என்பது கருத்து, ஒருவருக்கென்று பிரித்து வைக்கப்பட்ட பங்கு. தொல்காப்பியத்தில் வரும் 'பால்வரை தெய்வம்' என்ற தொடரிலும் இதே எண்ணம் இருக்கிறது. பால் என்றாலும் பங்குதான். யோகம் என்றால் சேர்க்கை. சோதிடத்தில் கிரகங்கள் ஒன்றோடொன்று கூடும் நிலையைக் குறித்துப் பின்னர் அந்நிலையின் பலனையும் குறித்தது. ஊழ் என்ற தனித்தமிழ்ச் சொல்லுக்கு முறைமை என்ற பொருளோடு முதிர்தல், மலர்தல் என்ற பொருளும் உண்டு. மணமில்லாமல் மலர்ந்த பூங்கொத்தை வள்ளுவர் 'இணர்ஊழ்த்தும் நாறா மலர்' என்கிறார். ஆகவே ஊழ் என்பதை எங்கிருந்தோ வந்து விழும் ஒன்றாக அல்லாமல், முன்பே இருந்த ஒன்று காலம் வந்ததும் பழுப்பதாகவே பழந்தமிழர் கண்டனர் என்று கொள்ள இடமுண்டு. அது நன்மையாகப் பழுத்தால் ஆகூழ், தீமையாகப் பழுத்தால் போகூழ்.

'கொடுத்து வைத்தவர்' என்று ஏன் சொல்கிறோம்?

பாக்கியசாலிக்குத் தமிழ் தந்த பெயர்களுள் இதுவே எனக்கு மிகவும் வியப்பளிப்பது. இன்று பெற்றுக்கொண்டு நிற்பவரைப் பெறுபவர் என்று சொல்லாமல், கொடுத்தவர் என்று இந்தத் தொடர் அழைக்கிறது. முற்பிறப்பில் பிறருக்குக் கொடுத்து, அதன் பயனை இப்பிறப்புக்கென்று வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்பது உட்பொருள். மறுபிறப்பை நம்பாத தமிழ்க் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இதே தொடரைத் தயக்கமின்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பேச்சுவழக்கு நம்பிக்கைகளின் எல்லைக்குக் காவலிருப்பதில்லை.

ஆனால் தொடருக்கு மறுபக்கமும் உண்டு. இருப்பவர் கொடுத்து வைத்தவர் என்றால், இல்லாதவர் முன்பு கொடாதவர் என்றாகிவிடுகிறது. வறுமைக்கு மேல் ஒரு குற்றச்சாட்டையும் சேர்த்துச் சுமத்துகிறோம். அதனாலோ என்னவோ, எதிர்மறையாக வரும்போது பெரும்பாலும் ஒருவர் தம்மைப் பற்றியே இதனைச் சொல்லிக்கொள்கிறார். பிள்ளைகள் எல்லாரும் கனடாவில் இருக்க, வெள்ளவத்தை மாடிவீடொன்றில் தனியே வாழும் ஓர் அம்மா, கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளைகளைப் பார்த்தபடி, 'தூக்கி வளர்க்க எனக்குக் குடுத்து வைக்கேல்லை' என்றார். அவருடைய வங்கிக் கணக்கையும் குளிரூட்டிய அறையையும் பார்த்து அவரை அதிர்ஷ்டசாலி என்று சொல்லும் உறவினர் பலர் உளர்.

சிங்களத்தில் 'வாசனாவ' என்பதும் நமது 'வாசனை'யும் ஒரே சொல்லா?

ஒரே வேரிலிருந்து வந்தவை. பூவை எடுத்த பின்னும் பெட்டியில் மணம் தங்குவதுபோல, செயல் முடிந்த பின்னும் உயிரில் தங்கும் பதிவை 'வாசனா' என்று வடமொழியில் வழங்கினர். தமிழில் அது மணம் என்ற பொருளில் நிலைத்தது; 'பூர்வஜென்ம வாசனை' என்ற தொடரிலும், சைவ சித்தாந்திகள் பேசும் 'மலவாசனை'யிலும் மட்டும் பழைய பொருள் எஞ்சியிருக்கிறது. சிங்களத்தில் முன்வினையின் பதிவு என்ற அந்தப் பொருளே வளர்ந்து அதிர்ஷ்டத்தைக் குறிக்கலாயிற்று. கொழும்பில் புதிதாகக் குடியேறிய என் மாணவன் ஒருவன், லொத்தர்க்காரர் 'வாசனாவ' என்று கூவுவதைக் கேட்டு, அவர் ஏதோ வாசனைத் திரவியம் விற்பதாக முதல் மாதம் முழுவதும் நினைத்திருந்தான்.

தமிழ் பேசும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இதனை எவ்வாறு கருதுகின்றனர்?

இரு சமயங்களும் குருட்டுத்தனமான அதிர்ஷ்டம் என்ற ஒன்றை ஏற்பதில்லை. கிடைப்பது எல்லாம் இறைவன் விருப்பத்தால் என்பது அடிப்படை. தமிழ் முஸ்லிம்கள் 'நஸீபு' என்பது ஏறத்தாழப் பாக்கியத்தைப் போன்றது, அதுவும் பங்கு என்ற பொருளுடையது. 'பரக்கத்' என்பது வேறு; கையில் இருக்கும் சிறிதளவு பொருளும் போதியதாகி நிறைவு தருவதை அது குறிக்கும். இரண்டாயிரம் ரூபாய் இருந்தும் போதாத வீடும், ஐந்நூறு ரூபாயில் விருந்தினரையும் உண்ணச் செய்யும் வீடும் ஒரே ஒழுங்கையில் இருப்பதைக் கண்டவர்கள் அந்தச் சொல்லின் தேவையை உணர்வர். சூதும் லொத்தரும் இஸ்லாத்தில் விலக்கப்பட்டவை.

கிறிஸ்தவ மறைநூலின் தமிழாக்கம் ஒரு நுட்பமான செய்தியைத் தருகிறது. இயேசுவின் மலைப்பொழிவில் வரும் பேறுகளைப் பழைய புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பு 'பாக்கியவான்கள்' என்றும், இன்று கத்தோலிக்கர் வாசிக்கும் மொழிபெயர்ப்பு 'பேறுபெற்றோர்' என்றும் தருகின்றன. இரண்டிலும் 'அதிர்ஷ்டசாலிகள்' என்ற சொல் இடம்பெறவில்லை, இடம்பெறவும் முடியாது. அங்கே அவ்வாறு அழைக்கப்படுபவர்கள் ஏழையரும் துயருறுவோரும் துன்புறுத்தப்படுவோரும் ஆவர். உலகம் அதிர்ஷ்டங்கெட்டவர் என்று ஒதுக்கும் ஆட்களைப் பாக்கியவான்கள் என்று அழைக்கத் தமிழில் இரண்டு தனித்தனிச் சொற்கள் ஆயத்தமாக இருந்தது மொழிபெயர்த்தவர்களுக்கு வாய்த்த வசதி.

விதியா, முயற்சியா? திருக்குறள் இரண்டையும் சொல்லி முரண்படவில்லையா?

ஊழ் அதிகாரம் 'ஊழிற் பெருவலி யாவுள' என்று கேட்டு முடிகிறது; அது 380ஆவது குறள். ஆள்வினையுடைமை அதிகாரத்தின் இறுதியில், 620ஆவது குறளில், சோர்வின்றி முயல்வோர் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்', அதாவது ஊழையே புறமுதுகிடச் செய்வர் என்கிறார். உயர்தர வகுப்பில் இதை விவாதப் பொருளாக்கி மாணவர்கள் அடித்துக்கொள்வது ஆண்டுதோறும் நடக்கும்.

இரண்டு குறளும் வெவ்வேறு ஆளை நோக்கிச் சொல்லப்பட்டவை என்று நான் விளக்குவதுண்டு. வென்றவன் தன் வெற்றி முழுவதும் தன் கைவலிமை என்று எண்ணும்போது அவனுக்குரியது முதலாவது. தோற்றவன் எழுந்திருக்க மறுக்கும்போது அவனுக்குரியது இரண்டாவது. இடம் மாற்றிச் சொன்னால் இரண்டும் கொடுமையாகும். இவற்றினும் முக்கியமானதாக நான் கருதுவது 618ஆவது குறள்: 'பொறியின்மை யார்க்கும் பழியன்று'. இங்கே பொறி என்பதற்குப் பயன் தரும் விதி என்று பரிமேலழகர் உரை கண்டார். உறுப்புக் குறையைச் சொல்கிறது என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், வாய்க்காதது ஒருவருடைய குற்றமாகாது என்று வள்ளுவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

லொத்தரில் முதற்பரிசு விழும் வாய்ப்பு உண்மையில் எவ்வளவு?

சீட்டுக்குச் சீட்டு முறை வேறுபடும் என்பதால் ஒரு மாதிரியை வைத்துக் கணக்கிடுவோம். ஆங்கில எழுத்து ஒன்றும் ஆறு இலக்கங்களும் வரிசை மாறாமல் பொருந்தினால்தான் முதற்பரிசு என்று கொள்வோம். எழுத்துகள் 26, ஆறு இலக்கங்களால் பத்து இலட்சம் எண்கள் அமையும், பெருக்கினால் 2 கோடியே 60 இலட்சம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்த நாட்டின் மொத்தச் சனத்தொகையே 2 கோடியே 3 இலட்சம்தான். பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரையுள்ள அத்தனை பேரிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொட, அவர் நாம் முன்னமே மனத்தில் குறித்த அதே ஆளாக இருப்பது இதைவிட எளிது. நாளுக்கு ஒரு சீட்டு வாங்குபவர் ஒரு முதற்பரிசுக்குச் சராசரியாக 71,000 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

'யாருக்கோ விழுகிறதுதானே' என்பார்கள். விழுகிறது. யாருக்கோ என்பதற்கும் எனக்கு என்பதற்கும் இடையிலுள்ள தூரம்தான் அந்த 2 கோடியே 60 இலட்சம். சீட்டு வாங்குபவரை நான் இகழ்வதில்லை. மாலை வரை சட்டைப் பையில் ஒரு கற்பனையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதற்கான கூலி அது. வீட்டு வாடகையிலிருந்து எடுத்து வாங்குபவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நெடுநாள் வராத இலக்கம் இனி வரும் என்று எதிர்பார்ப்பது சரியா?

சரியன்று. பந்துக்கும் சக்கரத்துக்கும் நினைவு கிடையாது. 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி மொன்ரே கார்லோ சூதாட்ட மண்டபத்தில் சுழல்சக்கரப் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகையை இழந்தனர். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்புக்கு இருந்த வாய்ப்பு முதற்சுற்றில் இருந்த அதே வாய்ப்புத்தான்.

இதற்கு நேரெதிரான மயக்கமும் உண்டு: ஒரு கடையில் ஒரு தடவை பெரும்பரிசு விழுந்ததும் எல்லாரும் அங்கே போய் வாங்குவது. விற்பனை கூடுவதால் அங்கே பரிசுகளும் கூடும், விழாத சீட்டுகள் அதைவிடப் பன்மடங்கு கூடும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர் சொல்லி வைத்தது வீணன்று. காகமும் இருந்தது, பழமும் விழுந்தது. ஒன்றால் மற்றது என்பது பார்த்தவருடைய சேர்ப்பு.

நீலக்கல் மோதிரமும் அதிர்ஷ்ட மூங்கிலும் பயன் தருமா?

நீலக்கல் இலங்கையின் பெருமைகளுள் ஒன்று. இரும்பும் ரைற்றேனியமும் சிறிதளவு கலந்ததால் நீலமான அலுமினியம் ஒட்சைட்டுப் பளிங்கு அது. சனிக்கு உரியதென்று செட்டியார் தெருவில் பதித்துத் தருவர். அழகுக்காக அணியலாம், கடன் வாங்கி அணியத் தேவையில்லை. அதிர்ஷ்ட மூங்கில் என்று விற்கப்படுவது மூங்கிலே அல்ல, ஆபிரிக்காவைச் சேர்ந்த திரசீனா இனச் செடி. தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் செடிக்கு நல்லது.

கைராசி, முழிவியளம் பார்ப்பதில் என்ன தவறு?

சித்திரைப் புத்தாண்டில் நல்ல நேரம் பார்த்துப் பெரியவர் வெற்றிலையில் வைத்துத் தரும் கைவிசேடத்தை நானும் ஆண்டுதோறும் வாங்குகிறேன், கொடுக்கிறேன். அந்த நாணயத்தால் பணம் பெருகியதாக எனக்கு நினைவில்லை. அந்தக் கையை நினைவிருக்கிறது, அது போதும். ஒரு வைத்தியரைக் கைராசிக்காரர் என்று நம்பிப் போகும் நோயாளிக்கு அந்த நம்பிக்கையால் ஒரு தெம்பு வருமானால் அதிலும் குறை காண மாட்டேன்.

தவறு தொடங்குவது, ஒரு மனிதரையே நல்ல சகுனமாகவும் கெட்ட சகுனமாகவும் ஆக்கும் இடத்தில். வெளியே புறப்படும்போது எதிர்ப்படும் முகத்தை முழிவியளம் என்று பார்க்கும் வழக்கம், கணவனை இழந்த பெண்களுக்கு இழைத்த கொடுமை சிறிதன்று. தன் மகளின் திருமணத்தன்று மணவறைப் பக்கம் வராமல் சமையற்கட்டில் ஒதுங்கி நின்ற தாய்மாரை இந்த நகரத்துக் கலியாண மண்டபங்களிலேயே கண்டிருக்கிறேன். ஒருவரும் போ என்று சொல்லவில்லை, அவர்களாகவே போய் நின்றார்கள் என்பது இன்னும் வேதனையானது. மருமகள் வந்த மாதத்தில் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தால் 'வந்த ராசி' என்கிறோம். அதே மாதத்தில் மகனுக்குப் பதவி உயர்வு வந்தால் அது மகனுடைய திறமை. ஆண்கள் அதிர்ஷ்டத்தை அடைகிறார்கள், பெண்கள் அதிர்ஷ்டத்தைக் கொண்டுவரவோ கெடுக்கவோ செய்கிறார்கள் என்ற இந்தக் கணக்கு எந்தச் சாத்திரத்தில் எழுதியிருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை.

'நான் நன்றாக இருக்கிறேன்' என்று வெளியே சொன்னால் நாவூறு படுமா?

படாது என்று நான் நினைக்கிறேன். ஆனால் 'எப்படி இருக்கிறீர்கள்' என்றால் 'ஏதோ போகுது' என்று சொல்லும் பழக்கத்தை நானும் விடவில்லை. இல்லாதவர் முன்னிலையில் இருப்பதைப் பரப்பாமல் இருப்பது அச்சத்தால் அன்றி நாகரிகத்தாலும் இருக்கலாம்.

பிறந்த இடமும் அதிர்ஷ்டத்தில் அடங்குமா?

அதிர்ஷ்டத்தின் மிகப் பெரிய பகுதியே அதுதான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை எண்ணிப் பாருங்கள்: தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதைச் சட்டம் கேட்டபடி காட்ட இயலாமையால் இந்திய வம்சாவளியினரான தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். அவர்கள் கொழுந்து பறித்த கை மாறவில்லை, தேயிலை மாறவில்லை. ஒரு பிறப்புப் பதிவுத் துண்டு பெட்டியில் இருந்ததா இல்லையா என்பதே மூன்று தலைமுறைகளின் பங்கைத் தீர்மானித்தது.

கொழும்புப் பெற்றோர் அதிகம் கேட்பது பல்கலைக்கழக அனுமதி பற்றி. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 விழுக்காட்டு இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்குச் சனத்தொகை அடிப்படையிலும், 5 விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன. ஆகவே கொழும்பு மாணவிக்கு மருத்துவபீடம் கிடைக்காத இசட் புள்ளியில் (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய புள்ளி) முல்லைத்தீவு மாணவிக்குக் கிடைக்கக்கூடும். 'அங்கே பிறந்திருந்தால்' என்று இங்குள்ள தாய் பெருமூச்சு விடுகிறார். அங்குள்ள தாயோ, இங்கே ஒரு சந்தியிலேயே இருக்கும் நான்கு இரசாயனவியல் வகுப்புகளை எண்ணி அதே பெருமூச்சை விடுகிறார். அடுத்தவர் பங்கில் அதிர்ஷ்டமும் தம் பங்கில் உழைப்புமே ஒவ்வொருவர் கண்ணுக்கும் தெரிகின்றன.

காலமும் இடத்தைப் போன்றதே. 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 350 ரூபாயைத் தாண்டியது. பெப்ரவரியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கட்டி முடித்தவரும், ஏப்ரலில் கட்டலாம் என்று வைத்திருந்தவரும் அறிவிலோ சிக்கனத்திலோ வேறுபட்டவர்கள் அல்லர். ஆற்றோடு போகும் தெப்பத்தைப் போல உயிர் முறைவழியே செல்கிறது என்று கண்ட கணியன் பூங்குன்றனார், 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று முடித்தார். புறநானூற்றின் 192ஆவது பாடலில் முதலடியை மட்டும் மேடைகளில் சொல்லிவிட்டு இந்த இறுதியடிகளை விட்டுவிடுகிறோம். வியக்காதே என்பதைவிட இகழாதே என்பதற்கு அவர் கொடுத்த 'அதனினும்' என்ற அழுத்தம் அங்கேதான் இருக்கிறது.

பேரழிவில் தப்பியதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாமா?

இதற்கு விடை சொல்வது எனக்கு எளிதன்று. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்செயலின்போது, என் பெரியம்மா குடும்பத்தார் கொழும்பில் ஒரு வாடகை வீட்டில் இருந்தனர். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவர்களைத் தமது சமையலறைக்குப் பின்னாலிருந்த களஞ்சிய அறையில் இரண்டு இரவுகள் வைத்திருந்து, பின்னர் அகதி முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெரியம்மா இறக்கும் வரை இதை 'எங்கட அதிர்ஷ்டம்' என்றுதான் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவரோடு வாதிட்டும் இருக்கிறேன். கூட்டம் முதலில் மறு ஒழுங்கைக்குள் திரும்பியது அதிர்ஷ்டம். அந்த அயலவருக்குப் பக்கத்தில் வீடு வாய்த்தது பாக்கியம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வாசலில் வந்து நின்று கேட்டவர்களிடம் 'இங்கே எவரும் இல்லை' என்று அந்த மனிதர் சொன்னது அதிர்ஷ்டமன்று. தம் பிள்ளைகளும் உள்ளே இருக்க, யோசித்து எடுத்த முடிவு அது. அதனை அதிர்ஷ்டம் என்று அழைத்தால் அவருடைய செயலைக் காணப்படாததாக ஆக்கிவிடுகிறோம். இப்படித்தான், தீ வைத்தவர்கள் எடுத்த முடிவும் 'அவர்களுடைய விதி' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்றைய பூசைக்குப் புறப்பட்டும் பிந்திப்போனதால் தப்பியவர்கள் 'கடவுள் காப்பாற்றினார்' என்றனர். தம் செபத்தில் ஒருவர் அவ்வாறு நன்றி சொல்வதை எவரும் தடுக்க முடியாது. பிள்ளையை அங்கே பறிகொடுத்தவரின் வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்வது வேறு; உள்ளே இருந்தவர்களும் அதே அந்தோனியாரைத் தேடித்தான் போயிருந்தனர். பெரியம்மாவோடு வாதிட்ட நான், அத்தகைய ஒரு வீட்டில் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு வந்தேன்.

அதிர்ஷ்டத்தை நாமே கூட்டிக்கொள்ள முடியுமா?

விழுவதைக் கூட்ட முடியாது, விழுந்ததைக் காண்பதைக் கூட்டலாம். இதற்கு நமது தீவின் பெயரிலேயே ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. அராபியரும் பாரசீகரும் இலங்கையை 'செரண்டிப்' என்று அழைத்தனர். அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய பழங்கதையிலிருந்து ஹொரஸ் வோல்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28ஆம் திகதி எழுதிய கடிதமொன்றில் 'செரண்டிப்பிற்றி' என்ற சொல்லை உருவாக்கினார். வழியில் புல் ஒரு பக்கம் மட்டும் மேயப்பட்டிருப்பதைக் கண்டு, முன்னே போன விலங்குக்கு மறுபக்கக் கண் குருடு என்று இளவரசர் அறிந்தனர். தேடாத ஒன்று தற்செயலாக எதிர்ப்பட வேண்டும், அதை அறியும் கூர்மையும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சொல் என்று அவர் விளக்கினார்.

பிரித்தானிய உளவியலாளர் றிச்சர்ட் வைஸ்மன் செய்த சோதனையும் இதனோடு ஒத்துப்போகிறது. ஒரு பத்திரிகையைக் கொடுத்து அதிலுள்ள படங்களை எண்ணச் சொன்னார். இரண்டாம் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் 'எண்ணுவதை நிறுத்துங்கள், 43 படங்கள் உள்ளன' என்று அச்சிட்டிருந்தது. தம்மை அதிர்ஷ்டசாலிகள் என்று கருதியவர்கள் பெரும்பாலும் அதனைக் கண்டுகொண்டனர். மற்றவர்கள் பதற்றத்தோடு கடைசிப் படம் வரை எண்ணிக்கொண்டிருந்தனர். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: பதற்றமில்லாதிருப்பதற்கே ஒரு பாக்கியம் வேண்டும். நாளைய அரிசிக்கு வழியில்லாதவரைப் பார்த்து 'நிதானமாகக் கண்ணைத் திறந்து பார்' என்று புத்தி சொல்வது எளிது.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு 'குட் லக்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நேரான தொடர் இல்லை. 'நல்லதிர்ஷ்டம்' என்று சொல்வது மொழிபெயர்ப்பு வாடை வீசும். நம் வழக்கில் அதிர்ஷ்டத்தை வாழ்த்தாகக் கூறுவதில்லை, ஆளையே வாழ்த்துவோம். 'நல்லாச் செய்வாய், போயிட்டு வா' என்று என் தாயார் சொல்வார். போ என்று மட்டும் சொல்லிவிட்டால் திரும்ப அழைத்து, வா என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார். எழுத்தில் 'பரீட்சை நல்லபடி அமையட்டும்' என்று எழுதலாம். பரீட்சை மண்டப வாசலில் பெற்றோர் கூடி நிற்கும் காலைகளில் இவை எல்லாவற்றையும்விட அதிகமாக என் காதில் விழுவது, 'பேனை இரண்டு எடுத்தனியோ, அனுமதி அட்டை எங்கே' என்பதுதான்.